மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்ஸி அறிக்கையில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். நெகட்டிவ்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும் செய்தியை, நோயாளியும் குடும்பத்தாரும் பெரும்பாலும் ‘இது நல்லதா, கெட்டதா’ என்ற ஒற்றைக் கேள்வியோடுதான் படிக்கிறார்கள். அப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் அந்த வரிக்கு நல்லது, கெட்டது என்ற இரண்டு பதில்கள் மட்டும் போதா. எந்தச் சிகிச்சை பலிக்கும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. நோய் திரும்புமானால் எந்தக் காலத்தில் திரும்பக்கூடும் என்பதையும் ஓரளவு சொல்கிறது. இந்த இரண்டாவது செய்தியை யாரும் எடுத்துச் சொல்லாமல் விட்டுவிடுவதால் ஏற்படும் குழப்பங்களே கீழே உள்ள கேள்விகளில் பலவற்றுக்குக் காரணம்.

ஹார்மோன் ஏற்பி என்பது என்ன?

அது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம். இரத்தத்தில் வரும் ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் புகுந்து, உட்கருவில் காத்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு இணைகிறது. இணைந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. இரண்டிரண்டாகச் சேர்ந்த ஏற்பிகள் டி.என்.ஏ.வில் தமக்குரிய இடங்களில் அமர்ந்து, செல் பெருகுவதற்கான ஜீன்களை இயங்கச் செய்கின்றன. அறிக்கையில் ஈ.ஆர். என்று குறிக்கப்படுவது இந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பி.ஆர். என்பது புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகைகள் உண்டு. ஆல்ஃபாவின் ஜீன் 1986-லும் பீட்டா 1996-லும் அடையாளம் காணப்பட்டன. மருத்துவமனை அறிக்கைகளில் பார்க்கப்படுவது ஆல்ஃபா மட்டுமே.

நோயற்ற மார்பகத்திலும் இந்த ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே பால்குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்களில் ஒரு பகுதியில் மட்டும் ஏற்பி காணப்படும். அப்படி ஏற்பி உள்ள செல்கள் பொதுவாகத் தாமே பிரிந்து பெருகுவதில்லை, பக்கத்துச் செல்களுக்குச் சைகை அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கின்றன. புற்றுநோயில் இந்த ஒழுங்கு குலைந்துபோகிறது. ஏற்பியைக் கொண்ட செல்லே ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் பெருகத் தொடங்குகிறது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு இந்த வகையைச் சேர்ந்தவை.

இரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தால் போதாதா?

போதாது. இரத்தப் பரிசோதனை காட்டுவது உடலில் எவ்வளவு ஹார்மோன் இருக்கிறது என்பதை. ஏற்பிச் சோதனை காட்டுவது அந்த ஹார்மோனுக்குக் கட்டி செவிசாய்க்கிறதா என்பதை. இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவாக உள்ள மூத்த பெண்களிடம்தான் ஏற்பி நிறைந்த கட்டிகள் அதிகம் காணப்படுகின்றன.

ஏற்பிக்கும் நோயின் போக்குக்கும் உள்ள தொடர்பு எப்படித் தெரியவந்தது?

சிகிச்சை முதலில் வந்தது, விளக்கம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களுக்குச் சினைப்பைகளை அகற்றியபோது கட்டி சுருங்கியதை 1896-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற பொருள் பிரித்தெடுக்கப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பு நடந்தது அது. ஆனால் சினைப்பையை அகற்றிய எல்லாப் பெண்களுக்கும் கட்டி சுருங்கவில்லை. சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை. யாருக்குப் பலிக்கும் என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லாமல், ஒவ்வொரு பெண்ணும் அறுவை சிகிச்சையின் துன்பத்தை அனுபவித்த பிறகே விடையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை காண வழி திறந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன். 1950-களின் பிற்பகுதியில் அவர் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை விலங்குகளுக்குச் செலுத்தி, அது கருப்பை போன்ற சில திசுக்களில் மட்டும் தங்கிவிடுவதைக் கண்டார். தங்குகிறது என்றால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும், அதுவே ஏற்பி. பின்னர் மார்பகக் கட்டிகளிலும் அதைத் தேடினார்கள். 1974-இல் அமெரிக்காவின் பெதஸ்தா நகரில் கூடிய ஆய்வாளர்கள் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏற்பி உள்ள கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்பட்டதும், ஏற்பி இல்லாதவற்றில் பத்தில் ஒன்றுகூடக் கட்டுப்படாததும் தெரியவந்தன.

அடுத்த ஆண்டே கேத்ரின் ஹார்விட்ஸும் வில்லியம் மக்குவயரும் புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று முன்மொழிந்தார்கள். 1977-இல் மக்குவயர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில்தான், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத கட்டிகள், நிணநீர்க் கணுக்களின் நிலை எதுவாக இருந்தாலும், விரைவில் திரும்புகின்றன என்ற கருத்து நிலைபெற்றது. ஏற்பியை முன்கணிப்புக் குறியீடாகப் பார்க்கும் வழக்கம் அங்கிருந்து தொடங்கியது.

‘முன்கணிப்பு’ என்பதும் ‘சிகிச்சைப் பலனைக் காட்டுவது’ என்பதும் ஒன்றுதானே?

இரண்டும் வேறு. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் இந்த வேறுபாடே அடிப்படை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்த இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் வேறு எந்த மருந்தும் தரப்படவில்லை. இவர்களில் யாருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று ஒரு குறியீடு சொல்லுமானால் அது முன்கணிப்புக் குறியீடு. கட்டியின் அளவு, அக்குளில் எத்தனை கணுக்களில் நோய் பரவியிருக்கிறது, செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் கிரேடு ஆகியவை அத்தகையவை. மாறாக, ஒரு குறிப்பிட்ட மருந்தைக் கொடுத்தால் யாருக்குப் பயன் கிடைக்கும் என்று சொல்வது பலன்காட்டும் குறியீடு.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இரண்டு வேலைகளையும் செய்கிறது, ஆனால் சம வலிமையோடு செய்வதில்லை. முன்கணிப்புக் குறியீடாக அது மிதமானதே. நிணநீர்க் கணுக்களில் நோய் பரவாத, கூடுதல் மருந்து எதுவும் பெறாத பெண்களை ஆராய்ந்தபோது, ஐந்து ஆண்டு முடிவில் ஏற்பி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே நோயின்றி இருந்தோர் விகிதத்தில் காணப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காட்டுப் புள்ளிகள்தான். கணுக்களின் எண்ணிக்கை ஏற்படுத்தும் வேறுபாட்டோடு ஒப்பிட்டால் இது சிறியது.

பலன்காட்டும் குறியீடாகவோ அதன் வலிமை மிகப் பெரிது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2011-இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வின்படி, ஏற்பி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு இணையவிடாமல் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால், முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லாதவர்களுக்கு அதே மருந்தால் பயனே இல்லை. எனவே ‘பாசிட்டிவ் என்றால் நல்ல முன்கணிப்பு’ என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, ஏற்பியின் இயல்பால் கிடைத்ததன்று. ஏற்பி இருப்பதால் கொடுக்க முடிகிற, நோயாளி தவறாமல் எடுத்துக்கொள்கிற மருந்தால் கிடைப்பது. மாத்திரையை இடையில் விட்டுவிட்டு, அறிக்கையில் உள்ள ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லை மட்டும் நம்பி இருப்பவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது.

அப்படியானால் ஈ.ஆர். பாசிட்டிவ் என்பது நல்ல செய்தியா, இல்லையா?

முதல் ஐந்து ஆண்டுகளைப் பொறுத்தவரை நல்ல செய்தி. அதற்குப் பின் வரும் ஆண்டுகளுக்கு அதே அளவு உறுதியோடு சொல்ல முடியாது.

நோய் திரும்பும் அபாயத்தை ஆண்டுவாரியாக வரைந்து பார்த்தால் இரண்டு வேறுபட்ட கோடுகள் தெரிகின்றன. ஏற்பி இல்லாத கட்டிகளின் கோடு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் செங்குத்தாக ஏறி, பிறகு வேகமாகச் சரிந்து, ஐந்தாண்டுக்குப் பின் மிகத் தாழ்ந்துவிடுகிறது. ஏற்பி உள்ள கட்டிகளின் கோடு தொடக்கத்தில் அவ்வளவு உயர்வதில்லை. ஆனால் கீழே இறங்குவதும் இல்லை. ஆண்டுதோறும் சிறிய அளவிலான அபாயம் நீண்ட காலம் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. ஓர் இடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு, ஒவ்வோர் ஆண்டின் அபாயத்தையும் தனியே பார்த்தால், ஏற்பி உள்ளவர்களுக்கே அது கூடுதல்.

பழைய ஆய்வுகள் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளோடு கணக்கை முடித்துக்கொண்டதால்தான் ஏற்பி பாசிட்டிவ் என்றால் முழுக்க முழுக்கப் பாதுகாப்பு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. கேள்வியை ‘திரும்புமா’ என்று மட்டும் கேட்காமல் ‘எப்போது’ என்றும் சேர்த்துக் கேட்டால்தான் இந்தக் குறியீடு தன் முழுச் செய்தியையும் தருகிறது.

ஐந்து ஆண்டு கடந்த பின் உள்ள அபாயம் எவ்வளவு?

ஏற்பி பாசிட்டிவ் நோய்க்கு ஐந்து ஆண்டு ஹார்மோன் சிகிச்சை முடித்து, அதுவரை நோய் திரும்பாமல் இருந்த 62,923 பெண்களின் தரவுகள் 2017-இல் வெளியாயின. ஐந்தாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டு வரை, வேறு உறுப்புகளில் நோய் தோன்றும் அபாயம் எவ்வளவு என்பதை அந்த ஆய்வு கணக்கிட்டது. கட்டி 2 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்து, கணுக்களில் பரவல் இல்லாதவர்களுக்கு அது 13 விழுக்காடு. அதே அளவுக் கட்டியோடு ஒன்று முதல் மூன்று கணுக்களில் பரவல் இருந்தால் 20. நான்கு முதல் ஒன்பது கணுக்கள் என்றால் 34. கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் 5 சென்டிமீட்டருக்குள் இருந்தவர்களுக்கு இவை முறையே 19, 26, 41 விழுக்காடு.

இந்த எண்களைப் படித்து அஞ்சுவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். இருபது ஆண்டுப் பின்தொடர்தல் வேண்டுமென்றால், அந்தப் பெண்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பு சிகிச்சை பெற்றவர்களாகத்தான் இருக்க முடியும். அதன் பின் மருந்துகள் மேம்பட்டிருக்கின்றன. மேலும், கட்டியின் அளவும் கணுக்களின் நிலையும் இருபது ஆண்டுக்குப் பின்னும் தம் செல்வாக்கை இழக்கவில்லை என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன. ஏற்பியை மட்டும் வைத்து எவருக்கும் எதிர்காலம் சொல்ல முடியாது.

ஈ.ஆர். இருக்கும்போது பி.ஆர். எதற்கு?

புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியை உருவாக்கும் ஜீனை இயக்குவதே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான். ஆகவே கட்டியில் பி.ஆர். நிறைந்திருந்தால், ஈ.ஆர். வெறுமனே இருக்கவில்லை, வேலையும் செய்கிறது என்று பொருள் கொள்ளலாம். ஹார்விட்ஸும் மக்குவயரும் 1975-இல் முன்வைத்த தருக்கமும் இதுவே.

நடைமுறையில் பி.ஆர். முன்கணிப்புக்குத்தான் கூடுதலாக உதவுகிறது. ஈ.ஆர். பாசிட்டிவ் ஆக இருந்தும் பி.ஆர். இல்லாத அல்லது மிகக் குறைந்த கட்டிகள், இரண்டும் நிறைந்த கட்டிகளைவிட வேகமாகப் பெருகுபவை. திரும்பும் வாய்ப்பும் அவற்றுக்குக் கூடுதல். ஆனால் அவற்றுக்கு டாமாக்சிஃபென் பலிக்காது என்று முடிவு கட்டுவது தவறு. மேலே சொன்ன 2011 பகுப்பாய்வு, ஈ.ஆர். பாசிட்டிவ் ஆக இருக்கும் வரை பி.ஆர். எப்படி இருந்தாலும் மருந்தின் பலன் ஒரே அளவில் கிடைப்பதைக் காட்டியது. ‘எனக்கு பி.ஆர். நெகட்டிவ், அதனால் மாத்திரை வீண்’ என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஈ.ஆர். இல்லாமல் பி.ஆர். மட்டும் பாசிட்டிவ் என்று வருவது மிக அரிது. அப்படி ஓர் அறிக்கை வந்தால் சோதனையை மறுபடி செய்து பார்க்கும்படி கேட்பது நல்லது.

ஆய்வகத்தில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

முற்காலத்தில் கட்டியின் ஒரு பகுதியை உறையவைத்து, அரைத்து, கதிரியக்க ஹார்மோனோடு கலந்து, எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்று அளந்தார்கள். அதற்குப் பெரிய துண்டு தேவைப்பட்டது. அரைத்த துண்டில் புற்றுநோய் செல் எவ்வளவு, நல்ல செல் எவ்வளவு என்றும் தெரியாது. 1990-களில் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற சாயமேற்றும் முறை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அறிக்கைகளில் ஐ.ஹெச்.சி. என்று இருப்பது இதுதான்.

மெழுகில் பதித்த திசுவிலிருந்து சில மைக்ரான் தடிமனில் சீவிய படலத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஏற்பியை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மீது இடுகிறார்கள். அது பற்றிய இடங்களில் பழுப்பு நிறம் தோன்றும். ஏனைய உட்கருக்கள் நீலச் சாயத்தில் தெரியும். நல்ல பாசிட்டிவ் கட்டி ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால், காபிக்கொட்டையை நெருக்கமாகப் பரப்பி வைத்ததுபோல் உட்கரு ஒவ்வொன்றும் அடர் பழுப்பாகத் தெரியும். நெகட்டிவ் கட்டியில் எங்கும் நீல உட்கருக்களே இருக்கும். ஆனால் நோய்க்குறியியல் மருத்துவரின் கண் கட்டியில் நிலைப்பதற்கு முன் வேறோர் இடத்தைத் தேடும். கட்டியின் ஓரத்தில் நோயற்ற பால்குழாய் ஒன்று தப்பிக் கிடந்தால், அதன் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உட்கருக்கள் பழுப்பாக இருக்கத்தான் வேண்டும். அங்கேயே பழுப்பு இல்லையென்றால் சோதனை சரியாக நடக்கவில்லை. அப்போது கட்டியின் நீலத்தை ‘நெகட்டிவ்’ என்று எழுதிவிட முடியாது.

அறிக்கையில் உள்ள விழுக்காடும் ‘8-க்கு 8’ போன்ற மதிப்பெண்ணும் எதைக் குறிக்கின்றன?

விழுக்காடு என்பது கட்டியின் செல்களில் எத்தனை பங்கில் உட்கரு சாயமேறியிருக்கிறது என்பது. அதோடு சாயத்தின் அடர்த்தி மெல்லியது, நடுத்தரம், அடர்ந்தது என்று குறிக்கப்படும். இந்த இரண்டையும் கூட்டித் தருவது ஆல்ரெட் மதிப்பெண். சாயமேறிய செல்களின் பங்குக்கு 0 முதல் 5 வரையும், அடர்த்திக்கு 0 முதல் 3 வரையும் அளித்துக் கூட்டினால் அதிகபட்சம் 8 வரும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட செல்கள் அடர்ந்த சாயம் ஏற்றிருந்தால் அது 8. மதிப்பெண் 3 அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ் என்று கொள்வது வழக்கம்.

‘90 விழுக்காடு’ என்பது உயிர்பிழைக்கும் வாய்ப்பு என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. அப்படி அன்று. அதேபோல், கட்டியின் 90 விழுக்காடு கரைந்துவிடும் என்பதும் அதன் பொருள் அன்று.

‘1 முதல் 10 விழுக்காடு, குறைந்த பாசிட்டிவ்’ என்று வந்தால்?

இந்தத் துறையில் இன்னும் விவாதம் ஓயாத இடம் இது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் அந்நாட்டு நோய்க்குறியியலாளர் கல்லூரியும் இணைந்து 2010-இல் வெளியிட்ட வழிகாட்டல், 1 விழுக்காடு செல்களில் சாயம் தெரிந்தாலே பாசிட்டிவ் என்று வகுத்தது. அதுவரை பல ஆய்வகங்கள் 10 விழுக்காட்டை எல்லையாக வைத்திருந்தன. எவரும் பலிக்கக்கூடிய மருந்தை இழந்துவிடக் கூடாது என்ற அக்கறையே எல்லையைத் தாழ்த்தியதற்குக் காரணம்.

ஆனால் 1 முதல் 10 விழுக்காடு வரை உள்ள கட்டிகள், ஜீன் இயக்கத்திலும் நடத்தையிலும் பெரும்பாலும் நெகட்டிவ் கட்டிகளையே ஒத்திருக்கின்றன. ஆகவே 2020-இல் திருத்திய வழிகாட்டல் இவற்றைக் ‘குறைந்த பாசிட்டிவ்’ என்று தனியே குறிக்கச் சொல்கிறது. இந்த அறிக்கை பெற்றவருக்கு ஹார்மோன் மருந்து கொடுத்துப் பார்க்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பிக் கீமோதெரபியைக் கைவிடுவது பெரும்பாலும் சரியாகாது. என் கருத்தில், 5 விழுக்காடு உள்ள அறிக்கையையும் 95 விழுக்காடு உள்ள அறிக்கையையும் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லால் நோயாளிக்குச் சொல்வது நியாயமன்று. எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சோதனை முடிவு தவறாக வர வாய்ப்பு உண்டா?

உண்டு, அதற்குக் காரணம் பெரும்பாலும் சாயமேற்றும் கட்டத்துக்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. உடலிலிருந்து எடுத்த திசு ஃபார்மலினில் இடப்படாமல் வெளியே கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏற்பிப் புரதம் சிதைந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அதை ஃபார்மலினில் இட வேண்டும் என்பதும், அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்பதும் விதி. பெரிய கட்டியை வெட்டாமல் முழுதாகப் போட்டால் ஃபார்மலின் உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும். ஊசி வழியாக எடுத்த பயாப்ஸித் துண்டு மெல்லியது என்பதால் உடனே ஊறிவிடுகிறது. ஏற்பிச் சோதனைக்குப் பல நேரம் அதுவே நம்பகமானது.

சில கட்டிகளின் இயல்போடு முடிவு பொருந்தாதபோது ஐயப்பட வேண்டும். லோபுலர் வகைப் புற்றுநோயும், குறைந்த கிரேடு கொண்ட டியூபுலர், மியூசினஸ் வகைகளும் ஏறக்குறைய எப்போதும் ஈ.ஆர். பாசிட்டிவ் ஆகத்தான் இருக்கும். இவற்றில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால், திசுவைப் பதித்த வேறொரு மெழுகுக் கட்டியில் மறுசோதனை செய்யாமல் அதை ஏற்பது சரியன்று.

ஹெர்2, கேஐ-67 ஆகியவற்றோடு சேர்த்து எப்படிப் படிப்பது?

ஒரே அறிக்கையில் நான்கு சோதனைகள் இருப்பது, ஒன்றின் பொருளை மற்றது திருத்துவதால்தான். ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் நிறைந்து, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் நெகட்டிவ் ஆகி, செல் பெருக்க வேகத்தைக் காட்டும் கேஐ-67 தாழ்ந்திருந்தால் அது ‘லூமினல் ஏ’ வகையை ஒத்தது. மெதுவாக வளர்வது, ஹார்மோன் மருந்துக்கு நன்கு கட்டுப்படுவது. ஈ.ஆர். இருந்தும் பி.ஆர். குறைந்து, கேஐ-67 உயர்ந்திருந்தால் ‘லூமினல் பி’. ஈ.ஆர். பாசிட்டிவ் என்ற ஒரே பெயரின் கீழ் இவ்வளவு வேறுபட்ட இரண்டு நோய்கள் இருக்கின்றன என்பதை 2000-களின் தொடக்கத்தில் வெளியான ஜீன் ஆய்வுகள் புலப்படுத்தின.

அந்த வேறுபாட்டை இன்னும் நுட்பமாக அளக்க ஆன்கோடைப் டிஎக்ஸ் போன்ற ஜீன் சோதனைகள் வந்துள்ளன. அது அளக்கும் 21 ஜீன்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி ஆகியவற்றின் ஜீன்களும் அடங்கும். கணுக்களில் பரவல் இல்லாத, ஏற்பி பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் நோயில் மதிப்பெண் 11 முதல் 25 வரை வந்தவர்களுக்கு, ஹார்மோன் சிகிச்சையோடு கீமோதெரபியைச் சேர்ப்பதால் மொத்தத்தில் கூடுதல் பயன் இல்லை என்று டெய்லர்எக்ஸ் ஆய்வு 2018-இல் காட்டியது. ஐம்பது வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் 16 முதல் 25 வரை மதிப்பெண் பெற்றோர்க்கு மட்டும் ஓரளவு பயன் தென்பட்டது. தேவையற்ற கீமோதெரபியின் துன்பம் எத்தனையோ பெண்களுக்கு இதனால் தவிர்க்கப்படுகிறது.

2018 முதல் நடைமுறையில் உள்ள, புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பு வகைப்பாடு, நோயின் நிலையை முடிவுசெய்யும்போதே கிரேடு, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒரே அளவுக் கட்டியும் ஒரே கணு நிலையும் கொண்ட இருவருக்கு வெவ்வேறு நிலை எண் வருவது இதனால்தான்.

எல்லாமே நெகட்டிவ் என்றால் வழி இல்லையா?

வழி உண்டு. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றும் இல்லாத ‘டிரிபிள் நெகட்டிவ்’ நோயில் ஹார்மோன் மருந்து பயன்படாது. ஆனால் அது கீமோதெரபிக்கு நன்கு கட்டுப்படும் வகை. அறுவைக்கு முன்பே மருந்து கொடுத்து, அறுவையில் எடுத்த திசுவில் நோய் எஞ்சியில்லை என்று தெரிந்தால் முன்கணிப்பு வெகுவாக மேம்படுகிறது. இன்று அந்தக் கட்டத்தில் நோயெதிர்ப்பு மருந்துகளும் சேர்க்கப்படுகின்றன. முதல் மூன்று ஆண்டுகள் கடினமானவை. அவற்றைக் கடந்தவருக்கு அபாயம் வேகமாகக் குறைவது, ஏற்பி உள்ளவர்களுக்குக் கிடைக்காத ஓர் ஆறுதல்.

பி.ஆர்.சி.ஏ. ஜீன் மாற்றம் உள்ளவர்களுக்கு ஏற்பி நிலை வேறுபடுமா?

ஆம். பரம்பரையாக வந்து மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் இந்த ஜீன் மாற்றங்களில், பி.ஆர்.சி.ஏ.1 மாற்றத்தோடு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை டிரிபிள் நெகட்டிவ்; பி.ஆர்.சி.ஏ.2 மாற்றத்தோடு வருபவை பெரும்பாலும் ஈ.ஆர். பாசிட்டிவ்.

ஆண்களுக்கும் இந்தச் சோதனை உண்டா?

உண்டு. ஆண்களின் மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஈ.ஆர். பாசிட்டிவ் ஆக இருப்பதால், டாமாக்சிஃபென் அவர்களுக்கும் முதன்மையான மருந்து.

நோய் திரும்பினால் மறுபடி ஏற்பிச் சோதனை தேவையா?

இயன்ற இடத்தில் தேவை. முதல் கட்டியில் இருந்த ஏற்பி, எலும்பிலோ கல்லீரலிலோ தோன்றிய கட்டியில் இல்லாமல் போகலாம், தலைகீழாகவும் நேரலாம். ஈ.ஆர். நிலை ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், பி.ஆர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும் மாறியிருப்பதாகத் தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. பாசிட்டிவ் ஆக இருந்து நெகட்டிவ் ஆக மாறுவதே அதிகம்; அப்படி மாறியவர்களின் முன்கணிப்பு மாறாதவர்களைவிடக் குறைவு. எலும்பிலிருந்து திசு எடுத்தால் அதை மென்மையாக்கப் பயன்படுத்தும் அமிலம் ஏற்பியைச் சிதைத்துவிடும் என்பதால், எலும்புத் துண்டில் வரும் ‘நெகட்டிவ்’ முடிவை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்.

ஏற்பி மறையாமல் இருந்தும் மருந்து பலிக்காமல் போவதுண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஜீனில் மாற்றம் ஏற்பட்டு, ஹார்மோன் வந்து தொடாமலேயே ஏற்பி இயங்கத் தொடங்கிவிடுவது அதற்கு ஒரு காரணம். உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் அரோமட்டேஸ் தடுப்பு மருந்துகளை நெடுங்காலம் எடுத்தவர்களிடம் இந்த மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.விலேயே அதைக் கண்டறியலாம். இத்தகையோர்க்கென எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

ஐந்து ஆண்டு முடிந்தது, எந்தத் தொந்தரவும் இல்லை. மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. அதே நேரத்தில், எல்லோரும் பத்து ஆண்டு தொடர்ந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2013-இல் வெளியான அட்லஸ் ஆய்வில், ஐந்து ஆண்டு டாமாக்சிஃபென் முடித்த ஏற்பி பாசிட்டிவ் பெண்களில் ஒரு பாதியினர் மேலும் ஐந்து ஆண்டு தொடர்ந்தார்கள், மறுபாதியினர் நிறுத்தினார்கள். ஐந்தாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரை மார்பகப் புற்றுநோயால் இறக்கும் அபாயம், தொடர்ந்தவர்களுக்கு 12.2 விழுக்காடு, நிறுத்தியவர்களுக்கு 15.0 விழுக்காடு. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் அபாயமோ, தொடர்ந்தவர்களுக்கு 3.1 விழுக்காடு, நிறுத்தியவர்களுக்கு 1.6 விழுக்காடு. மாதவிடாய் நின்றவர்களுக்கு அரோமட்டேஸ் தடுப்பு மருந்து என்றால் கருப்பைக்குப் பதிலாக எலும்பின் வலிமையைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கணுக்களில் பரவல் இருந்தவர், பெரிய கட்டி இருந்தவர் ஆகியோர்க்குத் தொடர்வதன் பயன் கூடுதல். சிறிய, குறைந்த கிரேடு கட்டியோடு கணுப் பரவல் இல்லாதவர்க்கு அது குறைவு. இந்தக் கணக்கைப் போடுவதற்கு ஐந்து ஆண்டுக்கு முந்தைய முதல் அறிக்கை தேவைப்படும். ஈ.ஆர்., பி.ஆர். விழுக்காடு, கிரேடு, கட்டியின் அளவு, எடுத்த கணுக்களில் எத்தனை பாதிக்கப்பட்டிருந்தன என்ற நான்கும் எழுதிய தாளை அந்த நாளில் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். தாள் தொலைந்திருந்தால், சோதனை செய்த ஆய்வகத்தில் மெழுகுக் கட்டி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். அது பத்திரமாக இருந்தால் பல ஆண்டு கழித்தும் அதிலிருந்து படலம் சீவிச் சாயமேற்றிப் பார்க்க முடியும்.